பாப் இன், டிராப் இன், ஸ்டாப் ஓவர்: வந்துபோகிறவர்களின் ஆங்கிலம்

நான் பார்க்கிற வேலையே வீடு வீடாகப் போய்வருவதுதான். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டி ஹெரிஃபோர்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். ஆப்பிள் தோட்டமும் மாட்டுப் பண்ணையும், நடுநடுவே சின்னச் சின்ன ஊர்களும். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்குப் போய் எழுப்பி, குளிக்க உதவி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டைச் சூடுபண்ணி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஹோம் கேர் என்பார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஊரிலிருந்து புதிதாக வருகிற பிள்ளைகள் ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடுதான் வருகிறார்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர் எல்லாம் அத்துப்படி. ஆனால் பாப், டிராப், கால், ஸ்டாப், லுக் என்று ஒன்றாம் வகுப்பு வார்த்தைகளின் வாலில் ஒரு இன், ஒரு பை, ஒரு ரவுண்ட் ஒட்டிக்கொண்டு வந்ததும் முழிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ததுதான். அந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பொருள் இருக்கும்: சிறிது நேரம் வந்து செல்லுதல். அங்கேதான் கோளாறு. இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று பதிலாக வராது. வருகிறவர் சொல்லிவிட்டு வருகிறாரா, இதற்கென்றே வருகிறாரா அல்லது போகிற வழியில் தலையைக் காட்டுகிறாரா, உட்காருவாரா நின்றபடியே கிளம்பிவிடுவாரா, இதெல்லாம் அந்தச் சின்ன வாலில்தான் இருக்கிறது.

முதலில் கால். எங்கள் ரோட்டாவில், அதாவது வேலை அட்டவணையில், மார்னிங் கால், லஞ்ச் கால், டீ கால், பெட் கால் என்று வரிசையாக இருக்கும். எதுவும் போனில் பேசுவது இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போய்வந்தால் அது ஒரு கால். ஆளைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தால் டபுள்-அப் கால். டீ கால் என்றால் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வருவது என்று நினைத்துவிட வேண்டாம்; இந்தப் பக்கத்தில் பலருக்கு டீ என்பது சாயங்காலச் சாப்பாடு.

பழைய ஆட்களிடம் இந்த வார்த்தை இன்னும் நேரில் வருவதைத்தான் குறிக்கிறது. "சம்படி கால்டு வைல் யூ வேர் அவுட்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னால் யாரோ வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். செல்போனை எடுத்து மிஸ்டு கால் தேடிப் பிரயோஜனம் இல்லை. வாசலில் "நோ கோல்ட் காலர்ஸ்" என்று ஒட்டியிருப்பதும் அப்படித்தான்: முன்பின் தெரியாதவர்கள் விற்பனைக்கு வந்து கதவைத் தட்டக் கூடாது. "கால் இன் அட் தி கெமிஸ்ட்ஸ்" என்றால் வழியில் மருந்துக் கடைக்குள் போய்விட்டு வா. ஆனால் "ஷீ கால்டு இன் சிக்" என்றால் உடம்பு முடியவில்லை, வேலைக்கு வர முடியாது என்று ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். இரண்டும் அதே கால் இன்தான். பின்னால் இடம் வருகிறதா, சிக் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி பாப். இங்கிலாந்துக்காரர்கள் வாயில் இது இல்லாமல் ஒரு நாள் போகாது. பாப் இன் என்றால் சட்டென்று வந்து சட்டென்று போவது. பாப் ரவுண்ட், பாப் ஓவர் என்றால் பக்கத்தில் இருப்பவர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போவது. பாப் அவுட் என்றால் கொஞ்சம் வெளியே போய்விட்டு வருவது. நிப் என்று இன்னொன்றும் உண்டு, அதே வேகம், அதே பொருள்: நிப் இன், நிப் அவுட். எங்கள் தொழிலில் பாப்-இன் விசிட் என்று ஒரு வகையே இருக்கிறது. மாத்திரை போட்டாரா, விழுந்துகிழுந்து கிடக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிற குறுகிய வருகை. வீட்டுப் பராமரிப்பு பற்றி, இங்கே மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் நெறிமுறை வகுக்கிற நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அரை மணிக்கும் குறைவான வருகை என்றால் போகிற ஆள் அந்த வீட்டுக்குப் பழக்கமானவராக இருக்க வேண்டும், அந்த வருகை பெரியதொரு பராமரிப்பு ஏற்பாட்டின் பகுதியாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட வேலையை முடிக்கவோ ஆள் நலமா என்று பார்க்கவோ அந்த நேரம் போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் கடிகாரம்தான் முதலாளி என்பது இந்த வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

பாப் போக்குவரத்தோடு நின்றுவிடுவதில்லை. டாக்டர் "பாப் யுவர் கோட் ஆஃப்" என்பார், "பாப் யுவர்செல்ஃப் ஆன் தி கவுச்" என்பார், தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் பாப் பண்ணச் சொல்வார். கேட்கிற காரியம் சின்னது, உங்களுக்குச் சிரமமே இருக்காது என்று காட்டுகிற பணிவு அது. "சட்டையைக் கொஞ்சம் கழட்டுறீங்களா?" என்பதில் நம்முடைய "கொஞ்சம்" செய்கிற வேலையை இங்கே பாப் செய்கிறது. இது பிடிபட்டால் பேச்சில் இயல்பாக வந்துவிடும். "சிட் ஹியர்" என்று மொட்டையாகச் சொல்வதைவிட "பாப் யுவர்செல்ஃப் டவுன் ஹியர்" என்றால் பாட்டிமார் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாப் ஆஃப் என்பதற்குக் கிளம்பிப் போவது என்றும் பொருள், மண்டையைப் போடுவது என்றும் பொருள். வீட்டில் பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கும்போது வராந்தாவில் நின்று யாரைப் பற்றியாவது "ஹீஸ் பாப்டு ஆஃப்" என்று சொல்லி வைக்காதீர்கள்.

டிராப் இன் வேறு ரகம். அதன் முக்கிய குணம் முன்கூட்டிச் சொல்லாமல் வருவது. நூலகத்திலும் சர்ச் ஹாலிலும் டிராப்-இன் செஷன் என்று போர்டு வைத்திருந்தால் அப்பாயின்மென்ட் வேண்டாம், அந்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். "டிராப் இன் எனி டைம்" என்று நண்பர் சொன்னால் நல்ல மனசோடுதான் சொல்கிறார். இருந்தாலும் போவதற்கு முன்னால் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று பெல் அடிப்பதை இங்கே பலரும் விரும்புவதில்லை. டிராப் பை, ஸ்டாப் பை, ஸ்விங் பை மூன்றிலும் வேறு எங்கோ போகிற வழியில் எட்டிப் பார்ப்பது என்ற தொனி உண்டு. ஸ்டாப் பை, ஸ்விங் பை இரண்டும் அமெரிக்காவில் அதிகம் புழங்குகிறவை. இங்கே சொன்னாலும் புரியும்.

டிராப் ஆஃப் இன்னும் வேடிக்கை. கொண்டுபோய் இறக்கிவிடுவது ஒரு பொருள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பிள்ளை ஒரு மத்தியானம் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, தாத்தாவோட மக போன்ல 'டாட்ஸ் டிராப்டு ஆஃப்'னு சொல்லுதாங்க. எங்கக்கா கொண்டுபோய் விட்டிருக்காங்க? நான் உள்ள போகவா, வேண்டாமா?"

"எங்கயும் கொண்டு விடல மக்கா. நாற்காலியில இருந்தபடியே கண்ணசந்துட்டாரு. சத்தம் போடாம கதவத் தொறந்து உள்ள போ."

கூடவே அவளுக்கு இன்னொன்றையும் சொன்னேன். ஊரில் "நான் உங்கள டிராப் பண்றேன்" என்கிற பழக்கத்தில் இங்கேயும் "ஐ டிராப்டு ஹெர் அட் தி ஹாஸ்பிடல்" என்று வந்துவிடும். ஆஃப் இல்லாமல் அதைக் கேட்டால், பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு ஆளைக் கைநழுவிக் கீழே போட்டுவிட்டாள் என்றுதான் முதலில் மனசில் படும். அப்படி நடந்தால் விபத்து அறிக்கை எழுத வேண்டும். ஆகவே அந்த ஆஃப் கட்டாயம். "ஐ டிராப்டு ஹெர் ஆஃப்." ஹெர், ஹிம், மீ எல்லாம் டிராப்புக்கும் ஆஃபுக்கும் நடுவில்தான் உட்காரும். டிராப் இன் அப்படி இல்லை. அதற்குப் பின்னால் ஆள் வந்தால் ஆன் சேர்க்க வேண்டும், நடுவில் எதையும் நுழைக்க முடியாது: "டிராப் இன் ஆன் ஹெர்." பொதுவாக இரண்டு வால் இருந்தால் பிரிக்காதீர்கள், ஆளைக் கடைசியில் போடுங்கள். இலக்கணப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்கிற விதியில் எனக்கு தினமும் உதவுவது இவ்வளவுதான்.

என் வேலையில் மிகவும் அவசியமான சொல் எது என்று கேட்டால் லுக் இன் ஆன் என்பேன். "குட் யூ லுக் இன் ஆன் மம்?" என்று தூரத்து ஊரில் இருக்கிற மகன் கேட்கிறார். அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பது அவர் கேட்பது. அதில் அக்கறை இருக்கிறது. செக் இன் ஆன் என்பதிலும் அந்த அக்கறை உண்டு. செக் அப் ஆன் என்று மாறினால் வேவு பார்க்கிற வாடை அடிக்கும். "ஐ ஹேவ் கம் டு செக் அப் ஆன் யூ" என்று வாசலில் நின்று சொன்னால், தன் வீட்டில் தானே ராஜாவாக இருக்கிற கிழவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். வெறும் செக் இன் என்றால் ஓட்டலிலோ விமான நிலையத்திலோ பதிந்துகொள்வது. இவ்வளவு வித்தியாசத்தையும் ஆன், அப் என்று இரண்டு குட்டி வார்த்தைகள் செய்துவிடுகின்றன.

அதே நேரம் இந்தச் சொற்களெல்லாம் வாய்க்குத்தான். பதிவேட்டில் "பாப்டு இன்" என்று எழுதுவதை நான் தவிர்க்கச் சொல்வேன். நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்து யாராவது எடுத்துப் படித்தால், அலட்சியமாகத் தலையை நீட்டிவிட்டு ஓடினது போலத் தோன்றும். விசிட்டட் என்று எழுதி, நேரத்தைப் போட்டு, பார்த்ததையும் செய்ததையும் எழுதினால் போதும். கம் ரவுண்டையும் யோசித்துத்தான் எழுத வேண்டும். "ஷீ கேம் ரவுண்ட் அட் ஃபோர்" என்பதற்கு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தார் என்றும் பொருள், மயக்கம் தெளிந்தது என்றும் பொருள். ஆபரேஷன் முடிந்த வார்டிலிருந்து அந்த வாக்கியம் வந்தால் இரண்டாவது.

ஸ்டாப் என்பது இந்தப் பக்கத்து ஊர்களிலும் வடக்கேயும் தங்குவது என்ற பொருளில் வரும். மிட்லண்ட்ஸ் எனப்படும் நடு இங்கிலாந்து ஆட்கள் கதவைத் திறந்ததும் "ஐ ஆம் நாட் ஸ்டாப்பிங்" என்றபடியே உள்ளே வருவார்கள். நிற்காமல் நடந்துகொண்டே இருப்பேன் என்று சொல்லவில்லை. ரொம்ப நேரம் இருக்க மாட்டேன், கெட்டிலைப் போட வேண்டாம் என்கிறார்கள். "ஆர் யூ ஸ்டாப்பிங் ஃபார் டீ?" என்றால் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா என்று கேள்வி. "ஷீ இஸ் ஸ்டாப்பிங் வித் ஹெர் சிஸ்டர்" என்றால் அக்கா வீட்டில் போய்த் தங்கியிருக்கிறாள். பாடப்புத்தகத்தில் இதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. இங்கே பஸ் ஸ்டாப்பில் அரை மணி நின்றால் காதில் விழும்.

கிளம்புவதற்கும் தனி ஆங்கிலம் வேண்டும். நாம் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லி நேராக எழுந்துவிடுவோம். இவர்கள் "ரைட் தென்" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு, "ஐ வில் லெட் யூ கெட் ஆன்" என்பார்கள். உங்கள் வேலையைப் பாருங்கள், நான் தொந்தரவு பண்ணவில்லை என்ற பாவனையில் நான் கிளம்புகிறேன் என்று சொல்வது. இதையே வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துச் சொன்னால் இடத்தைக் காலிசெய்யும் நேரம் வந்துவிட்டது. நடக்க முடியாதவர் உங்களை வழியனுப்ப எழுந்திருக்கப் பார்த்தால் "ஐ வில் சீ மைசெல்ஃப் அவுட்" என்று சொல்லி உட்காரவைத்துவிடலாம். உள்ளே நுழைவதற்கு "லெட் யுவர்செல்ஃப் இன்": வாசலோரம் சுவரில் பதித்த கீ சேஃபில் நம்பரைப் போட்டுச் சாவியை எடுத்து, நீங்களே திறந்துகொண்டு வாருங்கள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் எப்படிப் பிடித்தாய் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே யோசனைதான் சொல்வேன். வார்த்தையைத் தனியாக எழுதிப் பொருள் போடாதீர்கள். கேட்ட வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள், யார் யாரிடம் சொன்னார் என்று எழுதுங்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். கோட்டைக் கழற்றினாரா, டீ குடித்தாரா, வாசலோடு போனாரா? பொருள் அந்தக் கடைசி வரியில்தான் கிடைக்கும். என் நோட்டில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

வீட்டை விட்டு ரோட்டுக்கு வந்தால் இதே மாதிரிச் சொற்களின் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. கிராமப்புறத்தில் கார் இல்லாமல் இந்த வேலை நடக்காது. இந்திய லைசென்சை வைத்து இங்கே குடியேறின நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதன் பிறகும் ஓட்ட வேண்டுமென்றால் இந்த நாட்டுத் தேர்வை எழுதி, ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். தேர்வாளர் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வருவது புல் அப். "புல் அப் ஆன் தி லெஃப்ட்" என்றால் எதையும் மேலே இழுக்க வேண்டாம், இடது ஓரமாகப் பத்திரமான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். மறுபடி கிளப்புவது மூவ் ஆஃப். 2017 டிசம்பரிலிருந்து தேர்வில் வலது பக்கம் புல் அப் பண்ணி, இரண்டு கார் நீளம் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி போக்குவரத்தில் சேர்வதும் ஒரு பயிற்சியாக இருக்கிறது. புல் ஓவர் என்பதும் ஓரம்கட்டுவதுதான், போலீஸ் கைகாட்டும்போது அதிகம் கேட்கும். புல் இன் என்றால் பெட்ரோல் பங்க் மாதிரி ஓரிடத்துக்குள் திருப்பி நிறுத்துவது.

மோட்டார்வேயில் அவசரம் தவிர எதற்கும் ஓரத்தில் நிறுத்தக் கூடாது. கால் நீட்டவும் பாத்ரூம் போகவும் சர்வீசஸ் எனப்படும் சாலையோர ஓய்விடங்களில்தான் ஸ்டாப் ஆஃப் பண்ண வேண்டும். நாங்கள் பர்மிங்ஹாம் போகும்போது எம் 5 சாலையில் ஸ்ட்ரென்ஷமில் நிறுத்துவோம். இந்த இடங்களில் பொதுவாக 2 மணி நேரம் வரை பார்க்கிங் இலவசம். அதற்கு மேல் காரிலேயே படுத்துத் தூங்கினால் கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்து, வீட்டுக்கு அபராதச் சீட்டு வரும். பயணத்தின் நடுவே சிறிது நேரம் நிறுத்துவதற்கு ஸ்டாப் ஆஃப் என்பதையும், ராத்திரி தங்குவதற்கு ஸ்டாப் ஓவர் என்பதையும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

ரயிலில் மறுபடி நம்ம கால். ஹெரிஃபோர்டில் நின்றால் "காலிங் அட் லெட்பரி, கால்வால், கிரேட் மால்வர்ன், மால்வர்ன் லிங்க்" என்று ஒலிபெருக்கி ராகம் போடும். கப்பல் துறைமுகத்துக்குத் துறைமுகம் நின்று போவதற்கும் இதே வார்த்தைதான். வண்டி எங்கெங்கே நிற்கும் என்பதற்கு இந்த காலிங் அட் வரிசையைத்தான் கேட்க வேண்டும், கடைசி ஊரின் பெயரை மட்டும் கேட்டு ஏறக் கூடாது. வேல்ஸுக்குள் போகிற ஹார்ட் ஆஃப் வேல்ஸ் பாதையில் நிறைய நிலையங்கள் ரிக்வெஸ்ட் ஸ்டாப். இறங்க வேண்டுமானால் கார்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏற வேண்டுமானால் பிளாட்பாரத்தில் நின்று டிரைவருக்குத் தெரிகிற மாதிரி கை நீட்ட வேண்டும். இறங்குவதை நாம் கெட் டவுன் என்போம். இங்கே கெட் ஆஃப். "கெட் டவுன்!" என்று கத்தினால் குனி, படு என்றுதான் முதலில் தோன்றும். வழியில் ஓர் ஊரில் இறங்கிச் சுற்றிவிட்டு அதே டிக்கெட்டில் மேலே போகலாமா என்பது டிக்கெட்டின் வகையைப் பொறுத்தது. எனிடைம் டிக்கெட்டில் பெரும்பாலும் போகலாம், மலிவான அட்வான்ஸ் டிக்கெட்டில் முடியாது. இந்திய ரயில்வேயில் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு பிரேக் ஜர்னி கொடுக்கிறார்களே, அதே சமாசாரம்தான், இங்கேயும் பிரேக் ஆஃப் ஜர்னி என்றே கேட்கலாம்.

ஊருக்குப் போகிறவர்களை ஹீத்ரோவில் கொண்டுபோய் விடுகிறவர்கள், டெர்மினல் வாசலில் நிறுத்தினாலே டிராப்-ஆஃப் கட்டணம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். 2021 நவம்பரில் 5 பவுண்டில் ஆரம்பித்து, பிறகு ஏற்றியிருக்கிறார்கள். அங்கே வாங்க ஆள் இருக்காது, மறுநாள் நள்ளிரவுக்குள் ஆன்லைனில் கட்ட வேண்டும். லண்டன் நண்பர்கள் ராத்திரி தங்க இடம் கொடுத்தால் "தே புட் மீ அப்" என்று சொல்லலாம். ஆனால் ஊரில் கேட்கிற மாதிரி "வேர் ஆர் யூ புட் அப்?" என்று கேட்டால் வெள்ளைக்காரர் புருவத்தைத் தூக்குவார். "வேர் ஆர் யூ ஸ்டேயிங்?" போதும்.

எனக்குப் பக்கம் பர்மிங்ஹாம்தான். அங்கிருந்து துபாய் போய் இறங்கி, திருவனந்தபுரம் விமானம் பிடிப்பது வழக்கம். துபாயில் சில மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு லேயோவர் என்று பெயர். சர்வதேசப் பயணத்தில் இடைநிற்பு 24 மணி நேரத்துக்கு மேல் போனால் விமான நிறுவனங்கள் அதை ஸ்டாப்ஓவர் என்று கணக்கு வைக்கும். நம்ம பஸ்காரர்கள் சொல்கிற நைட் ஹால்ட் என்று நினைத்து இதில் ஏமாறக் கூடாது. டிக்கெட் விலை மாறலாம், அந்த நாட்டு விசா தேவைப்படலாம், பெட்டியும் நேரே ஊருக்குப் போகாது. டிராவல்ஸில் போன் பண்ணிப் பேசும்போது "ஒரு நாள் துபாயில இறங்கிப் பாத்துட்டுப் போறேன்" என்று பொதுவாகச் சொல்லாமல் எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். செக்-இன் கவுண்டரில் பெட்டிக்கு மாட்டுகிற டேகைக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெரிய எழுத்தில் டி.ஆர்.வி. என்று இருந்தால் பெட்டி திருவனந்தபுரத்தில் வந்துசேரும். டி.எக்ஸ்.பி. என்று இருந்தால் துபாயில் நீங்களே பெல்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.